வீச்சில் தண்ணீர் சேரும்போது

பெயின்ட் அடிக்கப்போகும் இரும்பின் மேல் தண்ணீர் படக்கூடாது. தொழில் கற்றுக்கொள்ள வரும் பையனுக்குப் பெயின்டர் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. நனைந்த இரும்பு துருப்பிடிக்கும், துருவின் மேல் அடித்த பெயின்ட் உரியும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அப்படியிருக்க, அழுத்தக் காற்றோடும் கார்னெட் என்னும் கனிமத் தூளோடும் வேண்டுமென்றே தண்ணீரைக் கலந்து இரும்பின் மேல் அடிக்கும் முறை கப்பல் பட்டறைகளிலும் பாலங்களிலும் எண்ணெய்த் தொட்டிகளிலும் பரவிவருகிறது. வேலைத்தளத்தில் இதன் பெயர் வெட் பிளாஸ்டிங், இங்கே ஈர வீச்சு என்கிறேன். தண்ணீர் மிகக் குறைவாகச் சேர்ந்தால் வேப்பர் பிளாஸ்டிங் என்றும், தூளும் தண்ணீரும் கூழாகவே வந்தால் ஸ்லரி பிளாஸ்டிங் என்றும் சொல்கிறார்கள். இதற்கான இயந்திரங்களை விற்பவர்கள் இரண்டு வாக்குறுதிகள் தருகிறார்கள்: தூசி வராது, மேற்பரப்பு காயப்படாது. இரண்டுமே பாதி உண்மைதான். ஆனால் கடலோரத்தில் நிற்கும் பழைய இரும்பைப் பராமரிக்க முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய முறை இதுதான் என்பது என் முடிவு. பழைய கல்லுக்கு இது வேண்டாம் என்பதும் அதே அளவு உறுதியான முடிவு. இரண்டுக்கும் காரணங்களைச் சொல்கிறேன்.

மணல் வீச்சுக்கு 1870இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் சூ டில்க்மன். கல், கண்ணாடி, உலோகம் ஆகியவற்றைச் செதுக்கவும் வெட்டவும் மணலை வேகமாக வீசலாம், அதை ஓட்டுவதற்கு நீராவி, காற்று, தண்ணீர் எதையும் பயன்படுத்தலாம் என்று அவர் எழுதியிருந்தார். ஆகவே தண்ணீர் பின்னால் வந்து சேர்ந்த புதுச்சரக்கு அல்ல. கம்ப்ரசர் எளிதில் கிடைக்கத் தொடங்கியதும் காற்று முந்திக்கொண்டது. ஒரு கம்ப்ரசர், மணல் நிரப்பிய ஓர் அழுத்தப் பானை, ஹோஸ், நுனியில் நாசில். இவ்வளவு இருந்தால் எந்த வெட்டவெளியிலும் வேலை தொடங்கிவிடலாம். அந்த எளிமைதான் உலர் வீச்சை நூறாண்டுக்கு மேல் அசைக்க முடியாத இடத்தில் வைத்தது.

சுரண்டித் தேய்ப்பதை விட்டு வீச்சுக்கு ஏன் போகிறோம் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஆலையில் சூடாக உருட்டி வரும் புது இரும்புத் தகட்டின் மேல் நீலக்கறுப்பான ஆக்சைடு ஓடு ஒட்டியிருக்கும். பார்ப்பதற்கு உறுதியாகத் தெரிந்தாலும் அதில் விரிசல் விழும். ஈரம் உள்ளே போனதும் அடியில் இருக்கும் இரும்பு அந்த ஓட்டைவிட வேகமாக அரிக்கப்படும். கம்பிப் பிரஷ்ஷால் அதை முழுமையாக எடுக்க முடியாது. இரண்டாவது, பெயின்ட் பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பு வேண்டும். கண்ணுக்கு மழமழப்பாகத் தெரியும் இரும்பில் 50 முதல் 75 மைக்ரான் வரையான மேடுபள்ளங்களை வீச்சு உண்டாக்கித் தருகிறது. எந்த அளவு சுத்தம் போதும் என்று வாதாடாமல் இருக்க, சுவீடனில் பிறந்த ஒரு படத்தொகுப்பு 1988இல் ஐஎஸ்ஓ 8501-1 என்ற உலகத் தரமாக ஆனது. அதன் எஸ்ஏ 2½ என்ற படியைத்தான் நம் ஒப்பந்தப்புள்ளிகளும் கேட்கின்றன. அந்தப் படங்கள் உலர் வீச்சுக்கு எடுத்தவை. ஈர வீச்சில் கிடைக்கும் இரும்பு அதைவிடக் கறுத்துத் தெரியும் என்பதால் அமெரிக்கப் பூச்சுத் தொழில் அமைப்புகள் அதற்கெனத் தனிப் படத்தொகுப்பை வெளியிட்டன. எந்தப் படத்தோடு ஒப்பிடுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளாமல் வேலை தொடங்கினால் சண்டை நிச்சயம்.

தண்ணீர் சேரும் இடத்தைப் பொறுத்து முறைகள் வேறுபடுகின்றன. மிகப் பழையது, உலர் நாசிலின் நுனியில் ஒரு வளையம் மாட்டி, வெளியேறும் தூளைச் சுற்றித் தண்ணீர்த் திரை விடுவது. மலிவானது, ஆனால் நடுவில் ஓடும் தூள் நனையாமலே போய் மோதும். அடுத்தது, நாசிலுக்கு முன்பாக ஹோஸுக்குள்ளேயே தண்ணீரைச் செலுத்துவது. மூன்றாவது, பானையிலேயே தூளையும் தண்ணீரையும் கலந்து காற்றில் அளந்து விடுவது. இன்று விற்கும் வேப்பர் இயந்திரங்கள் பெரும்பாலும் இந்த வகை. நிமிடத்துக்கு ஓரிரு லிட்டர் தண்ணீரே இவற்றுக்குப் போதும். இவற்றோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று, தூளே இல்லாமல் மிக உயர்ந்த அழுத்தத்தில் தண்ணீரை மட்டும் பாய்ச்சுவது. 30,000 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் போகும் அந்தப் பாய்ச்சல் பெயின்டையும் உப்பையும் அருமையாக எடுக்கும், ஆனால் புதிதாகச் சொரசொரப்பை உண்டாக்காது. பழைய பெயின்டின் அடியில் முன்பே சொரசொரப்பு இருந்தால்தான் அது பயன்படும்.

இனி தூசிக்கு வருகிறேன். இந்தக் கேள்வியில் முதலில் நிற்க வேண்டியது இரும்பு அல்ல, நாசிலைப் பிடித்திருக்கும் மனிதர்.

மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் படிகச் சிலிக்கா. இரும்பில் மோதும் ஒவ்வொரு மணல் துகளும் உடைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகப் பிரிகிறது. சில மைக்ரான் அளவேயான அவை மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் அடி வரை இறங்கி, அங்கே வடுவை உண்டாக்குகின்றன. இதுதான் சிலிக்கோசிஸ். வடுவைக் கரைக்கும் மருந்து இல்லை. வேலையை விட்ட பின்னும் நோய் வளரக்கூடும். காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது. நம் நாட்டில் இந்த நோயைக் காசநோய் என்றே எண்ணி மருந்து கொடுத்துக் காலம் போக்கிய நோயாளிகள் ஏராளம். மணல் வீச்சில் வேலை செய்பவருக்குச் சில ஆண்டுகளிலேயே நோய் முற்றிவிடும் அளவுக்குத் தூசியின் செறிவு இருக்கும்.

உலகம் இதை அறியாமல் இல்லை. பிரிட்டன் 1949இலேயே வார்ப்புப் பொருள்களைச் சுத்தம் செய்யும் வீச்சில் மணலை விலக்கி விதி செய்தது. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1974இல், ஒரு விழுக்காட்டுக்கு மேல் படிகச் சிலிக்கா உள்ள எதையும் வீச்சுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று பரிந்துரைத்தது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் படிகச் சிலிக்காத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் சேர்த்தது. துருக்கியில் ஜீன்ஸ் துணிக்குப் பழைய தோற்றம் கொடுக்க மணல் அடித்த இளைஞர்கள் சிலிக்கோசிஸால் இறந்ததை அடுத்து, 2009இல் அந்த வேலையையே அரசு தடை செய்தது. ஒரு சட்டைக்கோ காற்சட்டைக்கோ தேவையே இல்லாத வேலை அது என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கொதிக்கிறது.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக வைத்தது. அதன் 87ஆம் பிரிவு, ஆபத்தான வேலைகளுக்கு மாநிலங்கள் தனி விதி செய்ய வழி கொடுத்தது. அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஒரு கணக்கு இருந்தது: சுவாசத்தில் போகும் தூசி, ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மில்லிகிராம் இருக்கலாம் என்றால், 10ஐ, தூசியிலுள்ள குவார்ட்ஸ் விழுக்காட்டோடு 2 கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். முழுக் குவார்ட்ஸ் என்றால் ஏறத்தாழ 0.1 மில்லிகிராம், அதாவது 100 மைக்ரோகிராம். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2016இல் அந்த வரம்பை 50 மைக்ரோகிராமாகக் குறைத்தது. நம் கணக்கு அதைவிட இருமடங்கு தாராளமாக இருந்தது. தவிர, தொழிற்சாலைச் சட்டம் தொழிற்சாலை வாசலுக்குள் பேசிய சட்டம். சாலையோரத்தில் லாரி சேசிஸுக்கும் கேட்டுக்கும் மணல் அடிப்பவரிடம் அந்தக் கணக்கோடு யாரும் போய் நின்றதில்லை. முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அவர் வேலையைப் பார்க்கிறார். துண்டின் இழைகளுக்கு நடுவே அந்த நுண்துகள் தடையின்றிப் போகும்.

தண்ணீர் இங்கே என்ன செய்கிறது? துகளை நனைத்து எடை கூட்டி, பறக்க விடாமல் கீழே இறக்குகிறது. இயந்திர விளம்பரங்கள் தூசி 90 விழுக்காட்டுக்கு மேல் குறையும் என்கின்றன. பார்த்தாலே தெரியும் அளவுக்குக் குறைகிறது என்பதில் ஐயமில்லை. உலர் வீச்சில் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியமாட்டார், ஈர வீச்சில் அடிக்கும் இடமே தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் தூசி அடங்குவதும் நுரையீரலுக்குள் போகும் தூசி அடங்குவதும் ஒன்றல்ல. துளி பெரிய துகளை எளிதாகப் பிடிக்கும், மிக நுண்ணியதைப் பிடிக்கத் திணறும். இன்னொரு பொறியும் உண்டு. அன்று கூழாக விழுந்தது மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். அதைத் துடைப்பத்தால் கூட்டும்போது முந்திய நாள் அடக்கிய தூசி முழுவதும் எழும்பும். ஆகவே தண்ணீர் கலக்கிறோம், மணலையே போடலாம் என்று சொல்பவரை நம்பக்கூடாது. முதலில் மணலை விலக்க வேண்டும், அதன் பிறகுதான் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். ஈர வீச்சிலும் வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று வரும் ஹெல்மெட் வேண்டும். நாசிலின் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டும், தண்ணீர் அதைப் பெரிதாகக் குறைக்காது. கையை விட்டால் உடனே வீச்சு நிற்கும் டெட்மேன் கைப்பிடியும் இங்கே அதே அளவு கட்டாயம்.

தூசியை அடக்குவதில் ஓர் இடத்தில் மட்டும் தண்ணீருக்கு மாற்றே இல்லை. கான்கிரீட்டைச் சுரண்டும்போது வீசும் தூள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உடைந்து பறப்பது கான்கிரீட்டுக்குள் இருக்கும் மணலும் ஜல்லியும். வீசும் பொருளாக மணலை விலக்கிவிட்டோம், ஆனால் அடிபடும் பொருளே சிலிக்கா. பழுது பார்க்கும் கான்கிரீட் தூண்களுக்கு உலர் வீச்சை அனுமதிக்கும் பொறியாளரை எனக்குப் புரிவதில்லை.

மணலுக்குப் பதில் என்ன என்ற கேள்விக்கு விடை நம் கரையிலேயே கிடந்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கடற்கரைகளின் சிவந்த கார்னெட் உலகெங்கும் வீச்சுக்கும் நீர்வெட்டு இயந்திரங்களுக்கும் போனது. கடினமானது, கனமானது, தனிச் சிலிக்கா மிகக் குறைவு, எளிதில் பொடியாகாது. அதை அள்ளிய விதம் வேறு கதை. முறைகேட்டுப் புகார்களை அடுத்து 2013இல் தமிழக அரசு கடற்கரைக் கனிம மணல் அள்ளுவதையே நிறுத்தியது. தாமிர உருக்காலைக் கசடான காப்பர் ஸ்லாகும் மலிவான மாற்று, கப்பல் பட்டறைகளின் வழக்கமான சரக்கு. ஆனால் சில கசடுகளில் ஆர்செனிக், பெரிலியம் போன்றவை சிறு அளவில் இருக்கும். சோதனைச் சான்று பார்க்காமல் வாங்கக்கூடாது.

அடுத்தது உப்பு. ஈர வீச்சின் உண்மையான பலம் இங்கேதான் என்று நான் கருதுகிறேன். தூசியைக் கூட வேறு வழிகளில் சமாளிக்கலாம், உப்பைத் தண்ணீர் இல்லாமல் சமாளிக்க முடியாது.

கடல் மேல் 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில், தொடர்ந்து பெயின்ட் அடித்தும் அரிப்பை வெல்ல முடியவில்லை. 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்துக்குத் துத்தநாகப் பூச்சும் அதன் மேல் பாலிசிலாக்சேன் பெயின்டும் கொடுத்தார்கள். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் பாம்பனை அடுத்த மண்டபம் ஊரில் இரும்பைக் காற்றில் நிறுத்தி அரிப்பை அளக்கும் களம் வைத்திருப்பது தற்செயல் அல்ல. நாட்டின் மிகக் கொடிய காற்றுகளில் ஒன்று அங்கே வீசுகிறது.

கடற்காற்றில் நின்ற இரும்பில் குழிகள் விழுகின்றன, குழிகளின் அடியில் குளோரைடு உப்பு தங்குகிறது. உலர் வீச்சு மேலே உள்ள துருவை எடுத்து எஸ்ஏ 2½ என்று பளபளக்கும் இரும்பைக் காட்டும். குழிக்குள் இருக்கும் உப்போ அங்கேயே இருக்கும், சில வேளை இன்னும் ஆழத்துக்கு அடித்துத் தள்ளப்படும். அன்று மாலை பனி இறங்கியதும் வெள்ளை இரும்பில் கறுப்புப் புள்ளிகள் எழும்பும். அதைக் கவனிக்காமல் பிரைமர் அடித்தால், உப்பு பெயின்ட் வழியே ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக்கும். பாலத்துக்கு அடியில் நின்று பார்த்தால், ஓரிரு மழைக்காலத்துக்குள் உரிந்து தொங்கும் பூச்சுகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

தண்ணீர் உப்பைக் கரைக்கும். தூள் குழியைத் திறக்கிறது, தண்ணீர் உள்ளே போய்க் கழுவுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் ஈர வீச்சின் சிறப்பு. உப்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை அளக்கவும் எளிய வழி உண்டு. பிரெஸ்லே என்ற ஒட்டுப்பட்டையை இரும்பில் ஒட்டி, அதற்குள் தூய நீரைச் செலுத்தி எடுத்து, அந்த நீரின் மின்கடத்தலைப் பார்க்கலாம். கப்பல்களின் நிலைநீர்த் தொட்டிகளுக்காக உலகக் கடல்சார் அமைப்பு 2006இல் வகுத்த தரம், ஒரு சதுர மீட்டரில் 50 மில்லிகிராமுக்கு மேல் கரையும் உப்பு இருக்கக்கூடாது என்கிறது. எஸ்ஏ 2½ சுத்தமும் 30 முதல் 75 மைக்ரான் சொரசொரப்பும் சேர்த்துக் கேட்டு, பூச்சு 15 ஆண்டு நிற்க வேண்டும் என்பதை அந்தத் தரம் இலக்காக வைக்கிறது. கப்பலின் தொட்டிக்குக் கேட்பதை நம் கடலோரப் பாலங்களுக்கும் கேட்பது நியாயம்தானே.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கழுவுகிற தண்ணீரே உப்பாக இருந்தால்? ராமநாதபுரம் போன்ற மாவட்டத்தில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. மக்கள் குடிக்கவே காவிரிக் கூட்டுக் குடிநீரை எதிர்பார்க்கும் ஊர்களில், ஒப்பந்தக்காரர் கையில் கிடைத்த லாரித் தண்ணீரை ஊற்றினால் பழைய உப்பைக் கழுவிப் புதிய உப்பைப் பூசியதாகும். தண்ணீரின் மின்கடத்தலை வேலை தொடங்கும் முன் அளந்து எழுதி வைப்பது செலவில்லாத காரியம். பெரும்பாலும் அதைத்தான் செய்வதில்லை.

பெயின்டரின் பழைய பாடத்துக்கு இப்போது பதில் சொல்ல வேண்டும். ஈர வீச்சு முடிந்த இரும்பில் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ மஞ்சள் படலம் ஏறும். ஃபிளாஷ் ரஸ்ட் என்னும் இந்த உடனடித் துரு ஈர வீச்சுக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் குற்றச்சாட்டு. இதைத் தரநூல்கள் லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று வகைப்படுத்துகின்றன. துணியால் துடைத்தால் நிறம் பெரிதாக ஒட்டாத லேசான படலத்தின் மேல் இன்றைய எபாக்சி பிரைமர்கள் பல நன்றாகவே பிடிக்கும். நடுத்தரத்தையும் சில ஏற்கும். கடுமையானதை எதுவும் ஏற்காது, மறுபடி அடிக்க வேண்டும். எதை ஏற்கும் என்பதைப் பெயின்ட் நிறுவனத்தின் எழுத்துமூல ஒப்புதல்தான் தீர்மானிக்க வேண்டும். துத்தநாகம் நிறைந்த சில பிரைமர்கள் இந்தப் படலத்தைக் கொஞ்சமும் பொறுக்காது.

துருவைத் தள்ளிப்போட வீச்சு நீரில் தடுப்பு மருந்து கலப்பது வழக்கம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. மருந்தே ஓர் உப்பாகவோ படலமாகவோ மிஞ்சி, நாம் கழுவ வந்த கேட்டைத் திரும்பக் கொண்டுவரலாம். நல்ல நீரில் கழுவி, உலர்காற்றால் ஊதி, இரும்பின் வெப்பம், காற்றின் ஈரம் துளியாகப் படியும் பனிநிலைக்கு 3 டிகிரியாவது மேலே இருக்கும்போது அன்றே பிரைமர் அடித்துவிடுவது நேர்மையான வழி. தவிர, துரு மிக விரைவாகவும் கறுத்தும் ஏறினால் உப்பு போகவில்லை என்று இரும்பே சொல்கிறது. உலர் வீச்சில் பெயின்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் அந்தச் செய்தி இங்கே பெயின்ட் அடிக்கும் முன்பே கண்ணில் படுகிறது. குறை என்று சொல்லப்படுவதில் பாதி உண்மையில் எச்சரிக்கை.

ஆலையில் புதிதாகச் செய்யும் இரும்புக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. மூடிய அறையில், இரும்புக் குண்டுகளையோ கிரிட்டையோ திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் உலர் வீச்சே அங்கே சிக்கனம். உப்பு இல்லை, தூசியை உறிஞ்சும் கருவி இருக்கிறது. அதே போல எஞ்சின் பாகங்கள், விசையாழி இலைகள் போன்ற சிறு பொருள்களுக்குப் பெட்டிக்குள் நடக்கும் ஈர வீச்சு தனி உலகம். காற்றில் தனியாக ஓட்ட முடியாத மிக நுண்ணிய தூளையும் தண்ணீர் சுமந்து போகும் என்பதால், அங்கே கிடைக்கும் மழுங்கிய பட்டு மினுமினுப்பு வேறு முறையில் வராது.

கழிவைப் பற்றி விற்பவர்கள் வாய் திறப்பதில்லை. உலர் கார்னெட்டைச் சலித்துச் சில முறை திரும்ப அடிக்கலாம். நனைந்து சேறானதைப் பெரும்பாலும் கொட்டத்தான் வேண்டும். தொட்டிகளின் மூலைமுடுக்குகளில் அப்பிய சேற்றை அள்ளுவதற்கு வீச்சுக்கு ஆன நேரமே ஆகும். பழைய பாலங்களில் ஈயப் பெயின்ட் இருக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்று 2016இல் மத்திய அரசு விதி செய்தது, ஆனால் அது தொழிற்சாலைப் பெயின்டைத் தொடவில்லை, பத்தாண்டுகளுக்கு முன் அடித்ததையும் தொட முடியாது. அந்த ஈயம் உலர் வீச்சில் காற்றோடு போகும், ஈர வீச்சில் ஓடையோடு போகும். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலத்தை 2002 முதல் 2011 வரை வெற்று இரும்பு வரை அடித்துப் பெயின்ட் பூசியபோது, பகுதி பகுதியாகப் பாலத்தையே போர்த்தி மூடி வேலை செய்தார்கள். ஈர முறையில் அவ்வளவு கனமான மூடாக்கு தேவைப்படாது. ஆனால் கீழே தார்ப்பாய் விரித்துச் சேற்றைத் தடுத்து அள்ளும் ஏற்பாடு இல்லாமல் கடல் மேலோ ஆற்றின் மேலோ நாசிலைத் திறப்பது குற்றம்.

மென்மை என்ற இரண்டாவது வாக்குறுதிக்கு வருகிறேன். தண்ணீர் மோதலைக் கொஞ்சம் தணிக்கும், தூள் தெறித்துத் திரும்புவதைக் குறைக்கும். துருவேறிய திட்டை மட்டும் எடுத்துச் சுற்றியுள்ள நல்ல பெயின்டின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்க இது உதவும். இரும்பில் இது பெரும் வசதி. கல்லில் இந்தச் சொல்லை நம்பித்தான் பெருங்கேடு நடக்கிறது.

மென்மையான தூளும் கேடு செய்யலாம். 1980களில் நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் செம்புத் தகட்டின் உட்புறத் தாரை எடுக்க, மணலைத் தவிர்த்துச் சமையல் சோடாத் தூளை வீசினார்கள். மெல்லிய செம்பைக் காப்பாற்ற எடுத்த நல்ல முடிவு. ஆனாலும் தகட்டின் இடுக்குகள் வழியே வெளியே கசிந்த சோடா, சிலையின் பச்சைப் படலத்தோடு வினைபுரிந்து சில இடங்களை நீலமாக்கியது, கழுவ வேண்டிவந்தது. ஐரோப்பாவில் குறைந்த அழுத்தத்தில் நுண்தூளையும் நீரையும் சுழற்றி விடும் ஜோஸ் முறை பழைய கட்டடங்களுக்கென்றே வந்தது, கைதேர்ந்தவர் கையில் நல்ல பலனும் தந்திருக்கிறது. ஆனால் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 1979லேயே பழைய கட்டடங்களில் உராய்வுத் தூள் வீச்சின் ஆபத்துகளைப் பற்றித் தனிக் கையேடு எழுதி, தண்ணீர் சேர்ப்பதால் அது பாதுகாப்பானதாகிவிடாது என்று எச்சரித்தது.

தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு அந்தக் கையேடு வந்து சேரவில்லை. குடமுழுக்குக்கு முன் சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்க எத்தனையோ கோயில்களில் மணல் அடித்தார்கள். கல்வெட்டு ஆய்வாளர்களும் மரபுக் காவலர்களும் கூக்குரலிட்ட பிறகே அறநிலையத் துறை அதற்குத் தடை சொன்னது, அதன் பின்னும் மீறல் பற்றிய செய்திகள் வந்தன. கல்வெட்டு எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். சிலையின் கண்ணிமையும் ஆபரணத்தின் முத்தும் அதைவிட நுண்ணியவை. காலம் கல்லின் மேல் கட்டிய கடினப் படலம் போனால், உள்ளே இருக்கும் சொரசொரப்பான கல் அதிக ஈரத்தையும் பாசியையும் பிடிக்கும், சுத்தம் செய்த சுவர் முன்பைவிட விரைவில் அழுக்காகும். அந்தக் கல்லே குவார்ட்ஸ் நிறைந்தது என்பதால் அடிப்பவரின் நுரையீரலும் போகும். தண்ணீர் கலந்தால் நுரையீரல் தப்பலாம், எழுத்து தப்பாது. நீர்த்த அம்மோனியாவும் காரமில்லாச் சோப்பும் மென்மையான பிரஷும் கொண்டு தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் கல்லைக் கழுவும் முறை மெதுவானது, ஆள்பலம் கேட்பது, ஆனால் எழுத்தை விட்டுவைப்பது. ஆயிரம் ஆண்டு நின்ற சுவருக்குக் கூடுதலாகச் சில மாதம் கொடுப்பதில் யாருக்கு என்ன நட்டம்?

திருப்பணிக் குழுவினருக்கு என் வேண்டுகோள்: வெட் பிளாஸ்டிங் என்ற புதுப்பெயரில் வரும் விலைப்பட்டியலையும் மணல் வீச்சைப் போலவே திருப்பி அனுப்புங்கள். பாலத்துக்கும் தொட்டிக்கும் ஒப்பந்தப்புள்ளி எழுதும் பொறியாளர்களுக்கு இன்னொன்று: மணல் கூடாது என்ற வரியை முதலில் எழுதுங்கள். தண்ணீரின் மின்கடத்தல், இரும்பில் மிஞ்சலாம் என்று நீங்கள் ஏற்கும் உப்பின் அளவு, பெயின்ட் நிறுவனம் ஒப்பும் துருப்படி, சேற்றை அள்ளிப் போகும் இடம், நாசில் பிடிப்பவருக்குச் சுத்தக் காற்று தரும் ஹெல்மெட் ஆகியவற்றை, ஒப்பந்தக்காரர் விலையில் அடித்துவிட முடியாதபடி, தனித்தனி உருப்படிகளாகப் பணம் ஒதுக்கி எழுதுங்கள்.